வாலண்டியர்: தன்னார்வலரா, தொண்டரா?

கூலி வாங்காமல், யாருடைய கட்டாயமும் இல்லாமல், ஊருக்காக ஒரு வேலையைத் தானாக முன்வந்து செய்பவர் வாலண்டியர். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம், புத்தகத் திருவிழா என எங்கே போனாலும் கழுத்தில் அட்டை தொங்க, வருகிறவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு சிலர் நிற்பார்கள். கேட்டால் "நாங்க வாலண்டியருங்க" என்பார்கள். பேச்சில் இது யாருக்கும் புரிகிறது. எழுத்தில் வரும்போதுதான் குழப்பம். ஒரு சங்கத்தின் அழைப்பிதழில் தன்னார்வலர், இன்னொன்றில் சேவகர், வேறொன்றில் களப்பணியாளர். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'வொலுந்தாஸ்' என்றால் விருப்பம். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் அங்கே முதலில் குறித்தது ஒரு போர்வீரனை. அரசன் ஆள் பிடித்துச் சேர்க்காமல், தன் விருப்பத்தால் படையில் சேர்ந்தவன் வாலண்டியர். வெள்ளைக்காரர் ஆட்சியில் நமக்குப் பக்கத்து மலையான நீலகிரியில் இருந்த துப்பாக்கிப் படைக்கும் வாலண்டியர் படை என்றுதான் பெயர். பொதுநல வேலை என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இணையாக முதலில் நிலைத்தது தொண்டர். விடுதலைப் போராட்டக் காலத்துக் காங்கிரஸ் வாலண்டியர்களைத் தமிழ் ஏடுகள் தொண்டர்கள் என்றும், அவர்களின் அணியைத் தொண்டர் படை என்றும் எழுதின. கொங்கு நாட்டில் அந்தச் சொல்லுக்கு ரத்தமும் சதையும் உண்டு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, அன்று காங்கிரசில் இருந்த பெரியாரோடு நின்றவர்கள் தொண்டர்கள். அவர் சிறை சென்றபின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்கு வந்தார்கள். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் போய் அடிபட்டு, மறுநாள் உயிர்விட்ட சென்னிமலைக் குமரனும் தொண்டர்தான். கூலி கிடையாது, கட்டாயம் கிடையாது, கிடைத்தது தடியடி. இதைவிடப் பொருத்தமாக அந்தச் சொல் யாருக்கு அமையும்?

பிறகு கட்சிகள் பெருகின. தொண்டர் என்றால் கட்சிக்காரர் என்று ஆனது. இன்று செய்தியில் "தொண்டர்கள் குவிந்தனர்" என்று படித்தால் மாநாட்டுப் பந்தலும் கொடியும்தான் கண்முன் வரும். எந்தக் கட்சியையும் சாராமல் வேலை செய்ய விரும்பிய சங்கங்கள் அந்தச் சொல்லைத் தொடத் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லை அப்படியே விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காரணம், தொண்டு என்பதன் பழைய பொருள்.

தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்றும் ஒரு பொருள் உண்டு. இறைவனுக்கும் அடியாருக்கும் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்பதே பக்தி இலக்கியத்தில் அதன் பொருள். சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகை "அடியார்க்கும் அடியேன்" என்று அடிக்கடி தலை தாழ்த்துகிறது. சுந்தரர் கொங்கு நாட்டுக்கு வந்தவர். அவிநாசி, திருமுருகன்பூண்டி, கொடுமுடி, வெஞ்சமாங்கூடல் ஆகிய ஊர்களுக்கு அவர் பதிகங்கள் உண்டு. அவருடைய தொகையை விரித்துச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்பதே பெயர். பெரிய புராணம் என்பது வழக்கில் வந்த பெயர்.

அந்தப் புராணத்தில் தொண்டு என்று சொல்லப்படுபவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் கையும் காலும் படும் வேலை. கண் தெரியாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தூர் வாருகிறார். குளத்துக்குள் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம், நடுவே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிச் சுமந்து கரையேற்றுகிறார். திங்களூர் அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் அடியார்களின் துணியை வெளுக்கிறார். நாவுக்கரசர் கையில் எப்போதும் உழவாரம், புல் செதுக்கும் கருவி. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று பாடியவர், அதைக் கோயில் முற்றத்தில் புல்லைச் செதுக்கிக்கொண்டே பாடினார் என்று எண்ணிப் பார்த்தால் வரியின் கனம் கூடுகிறது. இன்றும் நம் பக்கத்துக் கோயில்களில் விடுமுறை நாளில் கூடிச் சுத்தம் செய்யும் குழுக்களுக்கு உழவாரப் பணிக் குழு என்றே பெயர்.

குளம் தூர்வாருதல், தண்ணீர்ப் பந்தல், சுத்தம் செய்தல். கொங்கு நாட்டு வாலண்டியர்கள் இன்று செய்வதும் இவையேதான். நொய்யல் ஆற்றையும் குளங்களையும் மீட்க 2003இல் கோவையில் சிறுதுளி என்ற அமைப்பு தொடங்கியது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு நீர்நிலையில் இறங்கி வேலை செய்கிறார்கள். திருப்பூரில் வனத்துக்குள் திருப்பூர் என்ற பெயரில் 2015 முதல் மரம் நட்டு வளர்க்கிறார்கள். சித்திரை வெயிலில் பேருந்து நிலையத்தருகே நீர்மோர்ப் பந்தல் போடாத சங்கம் இங்கே அரிது. தண்ணீர்ப் பந்தல் என்பது நம் பக்கம் ஊர்ப் பெயராகவே நின்றிருக்கிறது. கோவை பீளமேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்பந்தல் சாலை இருக்கிறது.

சரி, சங்கங்களுக்கு வருவோம். வாலண்டியர் என்ற சொல்லைக் கட்சிக்கு வெளியே நம் ஊர்களில் பரப்பியதில் ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு.

ரோட்டரி 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு தொடங்கியது. ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். கூட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய அலுவலகத்தில் மாற்றி மாற்றி நடத்தியதால் அந்தப் பெயர். லத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம். தமிழில் சுழற்சங்கம் என்று எழுதுகிறார்கள். சக்கரச் சின்னத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் பெயர் வந்த காரணத்தைச் சொல்ல நம்மிடம் இன்னும் நெருக்கமான சொல் ஒன்று உண்டு: முறை. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவதை முறை என்பார்கள். முறை வைத்துக் கூடியவர்கள் என்றால் கொங்கு நாட்டு விவசாயிக்கு விளக்கமே தேவைப்படாது. பெயரை மாற்றச் சொல்லவில்லை. சுழற்சங்கம் என்பதன் பொருளை ஒருவருக்குச் சொல்லும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

லயன்ஸ் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் அதே சிகாகோவில் உருவானது. இந்தியாவில் முதல் சங்கம் 1956இல் பம்பாயில். தமிழில் அரிமா சங்கம். இது எனக்கு மிகப் பிடித்த பெயர்ப்பு. நன்னூல் படித்தவர்களுக்கு அரிமா நோக்கு தெரிந்திருக்கும். சிங்கம் நடக்கும்போது முன்னும் பின்னும் பார்ப்பதுபோல, முன் நூற்பாவையும் பின் நூற்பாவையும் தழுவி நிற்கும் அமைப்பு அது. இலக்கண வகுப்பில் மட்டும் இருந்த ஒரு சொல் இன்று பூங்காப் பலகையிலும் பேருந்து நிழற்குடையிலும் இருக்கிறது. உறுப்பினர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் அரிமா என்று போட்டுக்கொள்கிறார்கள்.

1925இல் ஹெலன் கெல்லர் அமெரிக்காவில் அரிமா மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருக்கச் சொன்னார். அதிலிருந்து கண் சிகிச்சை அவர்களின் முதன்மைப் பணியாயிற்று. நம் ஊர் முகாமில் வாலண்டியர் என்ன செய்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவக் குழு கண் மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை இப்படி உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து முகாம் நடத்துவதையே தன் வழியாக வைத்திருக்கிறது. 1997 முதல் கோவையிலும் அதற்கு மருத்துவமனை உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்குவது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுக் கிராமங்களுக்குச் சொல்வது, நாற்காலி போடுவது, பெயர் பதிவது, பெரியவர்களைக் கைப்பிடித்து ஒவ்வொரு மேசையாகக் கூட்டிப்போவது, கண்புரை இருப்பவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது எல்லாம் உள்ளூர்க்காரர்கள் வேலை. ஆபரேஷன் என்றதும் பயந்து நழுவப் பார்க்கும் ஆத்தாவிடம் உட்கார்ந்து பேசி, "ஒண்ணும் பயமில்லீங்காத்தா, நாங்க இருக்கறோம்" என்று சம்மதிக்க வைப்பதும் அவர்கள்தான். மருத்துவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

ரோட்டரிக்குப் போலியோ. 1985இல் போலியோ ஒழிப்பை உலகப் பணியாக அது எடுத்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில்; 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. சொட்டு மருந்துச் சாவடிகளில் சங்கத்தினர் செய்த வேலைகளும் சின்னச் சின்னவைதான்.

இன்னொரு பணியைப் பலர் பேசத் தயங்குவார்கள். கொங்கு நாட்டு ஊர்கள் சிலவற்றில் மின்மயானம் நடத்துவது இத்தகைய சங்கங்களும் அவை அமைத்த அறக்கட்டளைகளும்தான். பல இடங்களில் எரிவது எரிவாயு, ஆனாலும் பெயர் மின்மயானம். இறந்தவர் யாராக இருந்தாலும் மரியாதையாக அனுப்பி வைக்கும் இந்த வேலைக்குத் தொண்டு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

சேவை என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். வடமொழிச் சொல் என்பதல்ல என் தயக்கம். சேவைக் கட்டணம், இ-சேவை மையம், சரக்கு மற்றும் சேவை வரி என்று அந்தச் சொல் இன்று காசு கொடுத்துப் பெறுவதன் பெயராகிவிட்டது. வைணவர்களுக்குப் பெருமாளைக் காண்பதும் சேவை. இடியாப்பம் போன்ற பலகாரம் ஒன்றை வெளியூர்க்காரர் சேவை என்று சொல்ல, நாம் சந்தகை என்கிறோம், அதனால் அந்த ஒரு குழப்பம் மட்டும் இங்கே இல்லை. சேவகர் என்பது இன்னும் பொருந்தாது. பழைய தமிழில் சேவகன் வீரன். பிறகு கச்சேரி, அதாவது அரசு அலுவலக, வாசலில் நிற்கும் ஆள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக் குளக்கரைக்கு வரும் கல்லூரிப் பெண்ணைச் சேவகர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கிளப் என்பதற்குச் சங்கமே நல்லது. கிளப் என்று போட்டால் பழைய ஆட்களுக்குக் காபி கிளப், அதாவது சாப்பாட்டுக் கடை, நினைவுக்கு வரும். மனமகிழ் மன்றம் என்றால் சீட்டாட்டம். கழகம் இப்போது கட்சி. திருக்குறளில் அது சூதாடும் இடம். பால் கூட்டுறவு முதல் விசைத்தறி வரை கொங்கு நாட்டில் எல்லாமே சங்கம்தான்.

கடைசியாகத் தன்னார்வலர். இந்தச் சொல் புதியது, ஆனால் உள்ளே இருக்கும் ஆர்வலர் மிகப் பழையது. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்" என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். தாம் அன்பு வைத்தவரின் துன்பத்தைக் கண்டதும் ஆர்வலர் கண்ணில் நீர் வந்துவிடும், அன்பை அடைத்து வைக்கத் தாழ்ப்பாள் இல்லை என்கிறார் வள்ளுவர். இன்று ஆர்வம் என்றால் வெறும் ஈடுபாடு என்று சுருங்கிவிட்டது. குறளின் பொருளோடு படித்தால் தன்னார்வலர், வாலண்டியரைவிட ஒரு படி மேலே நிற்கிறது. லத்தீன் வேரில் இருப்பது விருப்பம் மட்டும். நம் சொல்லில் பிறர் துன்பமும் சேர்ந்து வருகிறது.

ஆனால் இதற்கும் ஓர் ஆபத்து வந்துவிட்டது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையோடு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவர்களுக்கும் தன்னார்வலர் என்றே பெயர். அவர்கள் உழைப்பு பெரிது, தொகைதான் சிறிது. குறைந்த கூலிக்கு வேலை வாங்க இந்தச் சொல் ஒரு போர்வை ஆகிவிடக் கூடாது. சம்பளம் தருகிற இடத்தில் பணியாளர் என்றே எழுத வேண்டும்.

அதனால் நான் இப்படி எழுதுவேன். ஒரு நிகழ்ச்சிக்கு உதவ வருபவர் தன்னார்வலர். அவர் செய்யும் வேலை தொண்டு. பல காலமாக அதையே வாழ்க்கையாக வைத்திருப்பவர் தொண்டர்; கட்சி வாசனை வருமோ என்று இங்கே அஞ்ச வேண்டியதில்லை, சூழலே பொருளைச் சொல்லிவிடும். சர்வீஸ் கிளப் தொண்டுச் சங்கம். வாலண்டியரிங் தன்னார்வத் தொண்டு. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் நலப்பணியும் நல்ல சொல், முகாம் சார்ந்த வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எழுத்துப்பிழை ஒன்று பலகைகளில் நிறையக் கண்ணில் படுகிறது: தன்னார்வளர். வளர்தலுக்கும் இதற்கும் தொடர்பில்லை; ஆர்வலர் என்பதில் சின்ன லகரம். பெண்களுக்கென்று தனி வடிவமும் வேண்டாம். ரோட்டரியும் அரிமாவும் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1980களின் இறுதிவரை எடுத்துக்கொண்டன. தமிழில் 'அர்' ஈறு தொண்டர், ஆர்வலர் என்று எப்போதும் இருபாலாரையும் சேர்த்தே சொல்லி வந்திருக்கிறது.