தள்ளுபடி முதலா, வரி முதலா?

தள்ளுபடியைக் கழித்துவிட்டு வரியைச் சேர்க்க வேண்டுமா, வரியைச் சேர்த்துவிட்டுத் தள்ளுபடியைக் கழிக்க வேண்டுமா? வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் ஒரு விதமாகப் போட்டாளாம், இவர் வேறு விதமாகப் போட்டாராம், இருவருக்கும் ஒரே விடை. தற்செயலா என்று அறிய விரும்புகிறார்.

தற்செயல் இல்லை. குறித்த விலை 1000, தள்ளுபடி 20 சதவீதம், விற்பனை வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மகளின் வழியில் தள்ளுபடி 200 போக 800, அதற்கு வரி 80, மொத்தம் 880. அப்பாவின் வழியில் வரி 100 சேர்ந்து 1100, அதில் 20 சதவீதம் 220, கழித்தால் 880.

வழியில் வந்த எண்களைக் கவனியுங்கள். அப்பாவின் கணக்கில் வரி 20 கூடியிருக்கிறது. ஆனால் தள்ளுபடியும் சரியாக அதே 20 கூடியிருக்கிறது. ஒன்றில் ஏறியதை மற்றது அப்படியே இறக்கிவிடுகிறது. எந்த விலை, எந்தச் சதவீதம் கொடுத்தாலும் இப்படித்தான் நடக்கும். ஏன்?

கழித்தல், கூட்டல் என்று பார்க்கிறவரை இதற்கு விடை தெரியாது. 20 சதவீதத் தள்ளுபடி என்றால் மீதி 80 சதவீதத்தைக் கொடுக்கிறோம், அதாவது விலையை 0.8ஆல் பெருக்குகிறோம். 10 சதவீத வரி என்றால் 1.1ஆல் பெருக்குகிறோம். முழுக் கணக்கும் 1000 × 0.8 × 1.1, அவ்வளவுதான். பெருக்கலில் எதை முன்னால் வைத்தாலும் விடை மாறாது என்ற பரிமாற்றுப் பண்பைச் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அது இங்கே வேலை செய்வதைத்தான் யாரும் காட்டித் தருவதில்லை.

வகுப்பில் காட்ட ஒரு ரப்பர் பட்டை போதும். பட்டையை இழுத்து நீட்டுவது வரி, சுருங்க விடுவது தள்ளுபடி. நீட்டிச் சுருக்கினாலும் சுருக்கி நீட்டினாலும் முடிவில் நீளம் ஒன்றே. இப்போது அதே பட்டையில் ஒரு துண்டை வெட்டி எறியுங்கள். நீட்டுவதற்கு முன் ஒரு சென்டிமீட்டர் வெட்டுவதும், நீட்டிய பின் ஒரு சென்டிமீட்டர் வெட்டுவதும் ஒன்றல்ல. "100 குறைப்பு" என்ற கூப்பன் இப்படி வெட்டுவதுதான். முதலில் கழித்தால் 900 × 1.1, அதாவது 990. கடைசியில் கழித்தால் 1100 − 100, அதாவது 1000. சதவீதத் தள்ளுபடிக்கு வரிசை முக்கியமில்லை. நிலையான தொகைக்கு முக்கியம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் மாணவர்கள் தாங்களாகவே காரணத்தைப் பிடித்துவிடுவார்கள்.

சட்டம் வேறு விதமாகவும் சொல்லலாம் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர் தரும் கூப்பனைக் காட்டிக் குறைத்தாலும் வரியை முழு விலைக்கே கணக்கிடும் விதி சில இடங்களில் உண்டு. அப்போது 1000 − 200 + 100, ஆக 900. இங்கே வரியும் தள்ளுபடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை, இரண்டும் தனித்தனியே 1000 மேல் நிற்கின்றன. எந்தச் சதவீதமும் எதன்மேல் என்று கேட்காமல் கணக்கைத் தொடங்கவே கூடாது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் நாலு படிகளாகப் பிரிக்கின்றன: தள்ளுபடித் தொகை, கழித்தல், வரித் தொகை, கூட்டல். தவறில்லை, ஆனால் பெருக்கல் கண்ணில் படாமல் போகிறது. அதனால் தலைகீழாகக் கேட்டால் தடுமாறுகிறார்கள். 10 சதவீத வரியோடு 880 கட்டினேன், வரிக்கு முந்தைய விலை என்ன? பலர் 880இல் 10 சதவீதத்தைக் கழித்து 792 என்பார்கள். 1.1ஆல் பெருக்கியதை 1.1ஆல் வகுத்துத்தான் திரும்ப முடியும்: 800. இதே காரணத்தால்தான் விலையை 25 சதவீதம் ஏற்றிவிட்டு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பழைய விலையே வந்து நிற்கிறது, 1.25 × 0.8 என்பது சரியாக 1.

இப்படித் தடுமாறும் பிள்ளையிடம் "உனக்குக் கணக்கு வராது" என்கிறோமே, அதை நான் மூடநம்பிக்கைகளின் கணக்கில்தான் சேர்ப்பேன். அந்தப் பிள்ளைக்கு வராமல் போனது கணக்கு அல்ல, காட்டப்படாத ஒரு பெருக்கல். மாணவர்கள் எந்த இடத்தில், ஏன் வழுக்குகிறார்கள் என்று ஆராய்வதற்கு அரசுகள் தாராளமாகவே பணம் ஒதுக்கலாம்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 10 சதவீதத் தள்ளுபடியைப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் குறைந்த விலையின் மேல் கொடுத்தால் பொருள் இலவசமாகிவிடுமா? கால்குலேட்டரில் 0.9ஐப் பத்து முறை பெருக்கச் சொல்லுங்கள். விலை 100 என்றால் 34.87 மிஞ்சும். அப்புறம் 1 சதவீதத்தை நூறு முறை: 36.60. 0.1 சதவீதத்தை ஆயிரம் முறை: 36.77. தள்ளுபடியை இன்னும் பொடிப்பொடியாக உடைத்துக்கொண்டே போனாலும் 36.79ஐ நெருங்குமே தவிர, அதைத் தாண்டாது. 1683இல் யாக்கோபு பெர்னூலி என்ற சுவிஸ் கணித அறிஞர் கூட்டு வட்டியை இதே போல உடைத்துப் பார்த்தார். ஆண்டுக்கு 100 சதவீத வட்டியை எத்தனை சிறு தவணைகளாகப் பிரித்துச் சேர்த்தாலும், 1 என்பது 2.718... என்ற எல்லைக்குள்தான் வளர்கிறது என்ற முடிவுக்கு அந்தக் கேள்விதான் வழிவிட்டது. இன்று அந்த எண்ணை e என்கிறோம். 100ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், அதே 36.79 வரும்.