உயிர்மாய்ப்பு

திருகோணமலையில் தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்குப் பழகிப்போன தொடர் ஒன்று உண்டு: 'தவறான முடிவெடுத்து உயிரிழப்பு'. மூதூர், தம்பலகாமம் என ஊர்ப்பெயர் மட்டும் மாறும். 'தற்கொலை' என்று எழுத மனம் வராத கை எழுதுவது அது.

தன் + கொலை என்பதில் னகரம் றகரமாகத் திரிந்து தற்கொலை ஆயிற்று. பொன் + குடம் பொற்குடம் ஆவதும் இப்படித்தான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்த 'சூயிசைட்' என்ற சொல்லும், வடமொழியின் 'ஆத்மஹத்தி'யும் இதே கட்டுமானம். மூன்றிலும் கொலை இருக்கிறது. கொலை என்றால் குற்றவாளி ஒருவர் வேண்டுமே! இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரையும் குற்றவாளியாக்கியது. 1998இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சில செய்திகளில் மட்டும் 'தற்கொலை செய்துகொண்டார்' இன்னும் நீடிக்கிறது.

சரி, 'தவறான முடிவு' பரவாயில்லையா? எனக்கு அதுவும் உவப்பில்லை. ஆற அமர யோசித்து எடுத்த முடிவு, அதுவும் பிழையான முடிவு என்று இறந்தவர்மீதே பழி போடுகிறது. மருத்துவ ஆய்வுகள் காட்டுவது வேறு: பலருக்கு அந்த உந்துதல் சில மணி நேரமே உச்சத்தில் நிற்கிறது, கடந்துவிட்டால் வாழவே விரும்புகிறார்கள். இதற்கு நம் நாடே சான்று. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இப்படி இறந்தனர். கொடிய நச்சுத்தன்மையுள்ள பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டபின், அந்த வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. வறுமையும் போரும் குடும்பச் சண்டையும் ஓய்ந்ததால் நடந்ததல்ல அது. கைக்கெட்டும் நஞ்சு குறைந்தது, உயிர்கள் மிஞ்சின.

ஆகவே கொலையும் முடிவும் ஒட்டாத 'உயிர்மாய்ப்பு' என்பதே தகும். மாய்தல் தன்வினை, மாய்த்தல் பிறவினை. யாருடைய உயிர் என்பதை இச்சொல் சொல்வதில்லைதான். இலங்கைத் தமிழ் வழக்கு அந்த ஐயத்துக்கு இடம்வைக்கவில்லை. 'உயிர்மாய்ப்புத் தடுப்பு' என்று கூட வரும் சொல் 'தடுப்பு'. சிலர் 'தவிர்ப்பு' என்கிறார்கள். தவிர்ப்பவர் தாமே விலகுபவர். தடுப்பதற்கோ இன்னொருவர் குறுக்கே நிற்க வேண்டும்.

உளமருத்துவரும் உளவளத்துணையாளரும் எண்ணம், திட்டம், முயற்சி மூன்றையும் பிரித்தே விசாரிப்பார்கள். 'சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா?' என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டிவிடும் என்ற பயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலில் கற்பிக்கவேண்டியது இதுதான். கேட்டபின் துணைக்கு மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவிலும் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம்.