சிங்க்கில் ஊற்றிய பச்சைத் தண்ணீர்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு வரிசை வீடு. தெருக்கோடியில் ஆறு. அதன் நாற்றம் தாங்கவில்லை என்று தாமான் முழுக்க, அதாவது அந்தக் குடியிருப்பு முழுக்கக் கையெழுத்து வாங்கிப் புகார் கொடுத்ததே அந்த வீட்டு அக்காதான். சரி, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம் என நாங்கள் நாலு பேர் போனோம். முதல் வேலையாக அவர் சமையல்கட்டு சிங்க்கிலேயே சாயப் பொடியை ஒரு சிட்டிகை போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். புளோரசீன் என்று பெயர். பொடியாக இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீர் பட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சை. என்னோடு வந்த பையன் பின் சந்தில் லோங்காங் ஓரம், அதாவது திறந்த வடிகால் ஓரம் குந்தியிருந்தான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "அண்ணே, வந்துருச்சு!" என்று கத்தினான். அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். முதல் நாள் கழுவிய மீனின் செதில் இரண்டு மூன்று இன்னும் ஒட்டிக் கிடந்த அந்தச் சிமெண்டு வாய்க்காலில் பச்சைத் தண்ணீர் நிதானமாக ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அப்போ பன்னெண்டு வருஷமா என் வீட்டுக் கொழம்புதான் ஆத்துல ஓடுதா தம்பி?" என்றார். என்ன சொல்வது, ஆமாம் என்றுதான் சொன்னேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் கோலாலம்பூரின் லோங்காங், ஆறு இவற்றை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. லோங்காங்கில் போகிற தண்ணீர் எங்கேயோ ஒரு நிலையத்துக்குப் போய்ச் சுத்தமாகித்தான் ஆற்றில் விழுகிறது என்று நம்புகிறவர்களை இன்றைக்கும் வாரம் தவறாமல் சந்திக்கிறேன். அப்படி எதுவும் கிடையாது. நம் ஊரில் இரண்டும் தனித்தனி. கழிவறைத் தண்ணீரும், புதிய வீடுகள் என்றால் குளியலறை, சிங்க் தண்ணீரும் மண்ணுக்குள் இருக்கும் கழிவுக்குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். லோங்காங் மழைத் தண்ணீருக்காகக் கட்டியது, அது நேராக ஆற்றுக்கு. நடுவில் மிஞ்சிப் போனால் பிளாஸ்டிக் பையைத் தடுக்க ஒரு கம்பி வலை இருக்கும், அவ்வளவுதான். பழைய தாமான்களில் சிங்க் தண்ணீரை லோங்காங்கில் விட்டே கட்டியிருக்கிறார்கள், அது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் ஒழுங்காகக் கட்டிய வீட்டையும் நாம் கெடுத்துவிடுகிறோம். வீடு வாங்கி இரண்டு வருஷத்தில் பின்பக்கம் நீட்டிச் சமையல்கட்டு போடுகிறோம் இல்லையா, அங்கேதான் கோளாறு. கழிவுக்குழாயின் மேன்ஹோல் இருப்பது வேறு பக்கம், தரையை உடைத்துக் குழாய் இழுக்க வேண்டும். லோங்காங்கோ சுவருக்கு வெளியே ஒரு அடியில். கட்டட வேலையை எடுத்த குத்தகைக்காரர் எதைச் செய்வார்? சுவரில் ஒரு ஓட்டை போட்டுக் குழாயை வெளியே நீட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். டைல்ஸ் கலரைப் பத்து முறை மாற்றச் சொன்ன நாம் இதை ஒரு முறைகூடக் கேட்டிருக்க மாட்டோம்.

பத்துமலைக்கு வருவோம். தைப்பூசத்தன்று காவடி கிளம்புவது ஆற்றங்கரையில், சுங்கை பத்து என்கிற ஆற்றின் கரையில். ஆற்றில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு காவடி எடுத்த தலைமுறை ஒன்று இருந்தது. இப்போது ஆற்றங்கரையிலேயே வரிசையாகக் குழாய் போட்டிருக்கிறார்கள், அதன் கீழே நின்று குளிக்கிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் குளித்தேன், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இதே சுங்கை பத்துவில் பத்துமலைக்குச் சில கிலோமீட்டர் மேலே ஒரு அணை இருக்கிறது. வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீருக்கும் 80களில் கட்டியது. அங்கே எடுக்கிற தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம். அதே ஆறு கொஞ்ச தூரம் இறங்கி வந்தால் கால் நனைக்க யோசிக்கிறோம். நடுவில் ஆகாயத்திலிருந்து எதுவும் விழவில்லை. நடுவில் இருப்பது நம் வீடுகள், ஒட்டுக்கடைகள், காடி (கார்) கழுவும் இடங்கள், பட்டறைகள்.

பட்டறைக் கறுப்பு எண்ணெய் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதை லோங்காங்கில் ஊற்றுவது குற்றம் என்பது ஊற்றுகிறவருக்கே தெரியும், அதனால்தான் மழை நேரம் பார்த்து ஊற்றுகிறார்.

பழியை மக்கள் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை, ஏனென்றால் ஆற்றை லோங்காங்காக மாற்றியதில் என் ஜாதிக்கும் பங்கு உண்டு, பொறியாளர் ஜாதியைச் சொல்கிறேன். 1971 ஜனவரி வெள்ளம் கோலாலம்பூரை மூழ்கடித்தபோது எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எடுத்த முடிவு அன்றைக்கு நியாயமானதுதான்: வளைந்து போகிற ஆற்றை நேராக்கு, கரையைச் சிமெண்டால் பூசு, தண்ணீர் வேகமாக ஓடிவிடும். வேகமாகத்தான் ஓடியது, ஓடிக் கீழே இருக்கிறவன் வீட்டு வாசலில் போய் நின்றது. அப்புறம் நகரம் வளர வளர மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க இடமில்லாமல் போய், 2007இல் 9.7 கிலோமீட்டருக்கு ஸ்மார்ட் சுரங்கத்தைத் திறந்தோம். பெருமழை வந்தால் காடிகளை வெளியேற்றிவிட்டு ஆற்றை உள்ளே விடுகிற சுரங்கம் அது, சொந்தத் தொழிலில் எனக்குப் பெருமையான வேலைகளில் ஒன்று. ஆனால் சிமெண்டு பூசிய ஆற்றை யாரும் ஆறு என்று கூப்பிடுவதில்லை. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ‘பெரிய லோங்காங்’ என்பார்கள். கம்பத்து வீடுகள், அதாவது பழைய கிராமத்து வீடுகள் இருந்த காலத்தில் வாசல் ஆற்றைப் பார்த்திருந்தது, தண்ணீர் நிறம் மாறினால் காலையில் பல் விளக்குகிற கிழவிக்கு முதலில் தெரிந்துவிடும். அந்தக் கம்பங்களை எடுத்து எல்லாரையும் அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு ஆற்றுக்குக் கிடைத்தது வேலியும் ‘ஆபத்து, ஆழமான பகுதி’ என்ற பலகையும். வெள்ளத்தில் தவித்த அந்த வீடுகள் அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கவனித்துக்கொண்டிருந்த கண்களையும் சேர்த்து அனுப்பிவிட்டோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசல் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருகிற இடத்தில் இப்போது ராத்திரியானால் நீல விளக்கும் பனிப்புகையும். ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டத்தில் வந்தது. பார்க்க அழகுதான், கெடுத்துச் சொல்லவில்லை. அதே திட்டம் 110 கிலோமீட்டர் ஆற்றை உடம்பில் படலாம் என்கிற 2பி தரத்துக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. அந்த இலக்கு நீல விளக்கால் வராது, சந்தைக் கழிவுநீரையும் கடைக் கொழுப்பையும் பிடிக்கிற தொட்டிகளால்தான் வரும், அதன் முன்னால் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

‘நாம குடிக்கிற தண்ணி வேற ஆறுதானே’ என்று ஒருவர் கேட்டார். வேறுதான், கிள்ளான் பள்ளத்தாக்குக் குடிநீரின் பெரும்பகுதி சுங்கை சிலாங்கூரிலிருந்து வருகிறது. ஆனால் அந்த ஆற்றுக்கும் லோங்காங்குகள் உண்டு. 2020 செப்டம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரவாங்கில் சுங்கை கோங் என்கிற சின்ன ஆற்றில் கரைப்பான் (தின்னர் மாதிரி ரசாயனம்) நாற்றம் கலந்து, நாலு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாகி, ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. கோவிட் காலம் வேறு, கை கழுவு கை கழுவு என்று சொல்லிவிட்டுக் குழாயில் காற்று. "நிலையம்னா சுத்தம் பண்ணத்தானே, ஏன் மூடணும்?" என்று என் மாமியாரே என்னைக் கேட்டார். நிலையம் என்பது மந்திரக்கோல் இல்லை. படிகாரம் மாதிரி ஒன்றைப் போட்டுச் சேற்றைக் கட்டியாக்கிப் படிய வைக்கிறது, மணலில் வடிக்கிறது, குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்கிறது. கரைப்பான் நாற்றம் மணலில் நிற்காது, நேராக உங்கள் குவளைக்கு வரும். கழிவிலிருந்து வருகிற அமோனியா இன்னொரு தலைவலி, அது ஒரு பங்கு இருந்தால் எட்டுப் பத்துப் பங்கு குளோரினைத் தின்றுவிட்டுத்தான் கிருமிக்கு மிச்சம் வைக்கும். அதனால் ஆற்றில் நாற்றம் என்றால் கதவைச் சாத்துவதைத் தவிர வழி இல்லை. திறந்த பிறகும் காலியான குழாய்கள் நிரம்பி, காற்று வெளியேறி, மேட்டுப் பகுதிக்கு ஏற நாள் கணக்காகும்.

அப்புறம் நம் சாப்பாட்டுக் கடைகள். வாழையிலைச் சாப்பாடு போடுகிற ஒரு கடையில் கிரீஸ் டிராப்பைத் திறக்கச் சொன்னேன். சிங்க்குக்கு அடியில் இருக்கும் எஃகுப் பெட்டி, தண்ணீர் கீழே போக எண்ணெய் மேலே மிதந்து நிற்கும். மூடியைத் தூக்கியதும் பின்னால் நின்ற இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். உள்ளே வெள்ளை மெழுகு மாதிரி ஒரு அடை, மேலே கறிவேப்பிலையும் ஒரு பற்பசை மூடியும். குச்சியை விட்டேன், முக்கால் பெட்டி கொழுப்பு. கால் பங்கு சேர்ந்தாலே அள்ளிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் பெட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். "வாரத்துக்கு ஒருதடவ சுடுதண்ணி ஊத்தி விட்டுர்றோம் சார், சுத்தமா போயிரும்" என்றார் முதலாளி. எங்கே போகும்? சூட்டில் உருகி, இருபது முப்பது அடி தள்ளி ஆறி, அங்கே கல்லாகும். பொரித்த எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வைத்தால் கிலோவுக்கு விலை போட்டு வாங்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது என்றேன். அதற்கு மட்டும் உடனே தலை நிமிர்ந்தார்.

உங்கள் வீட்டைப் பார்க்க என்னைக் கூப்பிட வேண்டாம். சாயப் பொடி இல்லையென்றால் கேசரி பவுடர் போதும். ஒரு குவளைத் தண்ணீரில் தாராளமாகக் கரைத்து, மழை இல்லாத நேரத்தில் சிங்க்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டு, ஒருவரைப் பின் சந்தில் நிறுத்துங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயையும் தனியாக ஒரு முறை பாருங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். லோங்காங்கில் ஆரஞ்சு வந்தால் ஒரு நல்ல குழாய்க்காரரைக் கூப்பிட்டு மேன்ஹோலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய தாமானில் கழிவுக்குழாயே சிங்க் பக்கம் வராது என்றால், எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவதுதான் இப்போதைக்குச் செய்யக்கூடியது.

செந்தூல் அக்கா போன மாதம் போன் செய்தார். சமையல்கட்டுத் தரையில் ஒரு வரி டைல்ஸை உடைத்துக் குழாயை மாற்றிவிட்டாராம், அதே நிற டைல்ஸ் கிடைக்காமல் பார்க்கவே கண்றாவியாக இருக்கிறதாம். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வீட்டுக்காரி வெளிய போயிருக்கறப்போ அவ மகள்கிட்ட கேசரி பவுடர் குடுத்து ஊத்தச் சொன்னேன் தம்பி. ஆரஞ்சு வந்துருச்சு. இப்ப இத அவகிட்ட எப்படிச் சொல்றது?"