சுவிட்ச் மாற்றினீர்களா? ஐந்து நிமிடம் அங்கேயே இருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு எஃப்.எம். நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு ஸ்டுடியோ ஒலியைக் கேபிள் வழியாகக் கருவிகளுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு நெட்வொர்க் சுவிட்சை மாற்றினோம். பழையதில் ஃபேன் நின்றுவிட்டது, தொட்டால் கை சுட்டது, அதனால் வேறு வழியில்லை. புதியதை ராக்கில் ஏற்றி, கேபிள்களை அதே வரிசையில் செருகி, கன்சோலில், அதாவது ஒலிக் கலவை மேஜையில், ஒலியளவைக் கூட்டும் ஃபேடரைத் தூக்கினோம். பாட்டு வந்தது. எல்லா ஸ்டுடியோவிலும் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று கருவிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கீழே இருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "சார், பாட்டு நின்னு போச்சு." அவர் மேஜையில் எப்போதும் ஒரு சின்ன ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

கன்சோலைப் பார்த்தால் மீட்டர் ஆடுகிறது. சுவிட்சில் பச்சை விளக்குகள் மின்னுகின்றன. டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் ஒலியை நெட்வொர்க்கிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் நோடு என்ற கருவியில் மட்டும் சத்தமில்லை. அதன் கேபிளைக் கழற்றி மாட்டினோம், பாட்டு வந்துவிட்டது. லூஸ் கனெக்‌ஷன் என்று முடிவு கட்டினோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. கேபிளையே மாற்றினோம், வந்தது, அப்புறம் மறுபடி நின்றது. மூன்றாவது முறைதான் கூட இருந்த தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேபிள் மாட்டியதிலிருந்து சரியாக 4 நிமிடம் 20 விநாடி.

260 விநாடி. இந்த எண் தெரிந்திருந்தால் அன்று ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெட்வொர்க்கில் ஒலி அனுப்பும் முறைகளில் லைவ்வயர், ராவென்னா, ஏ.இ.எஸ். 67 என்று எதை எடுத்தாலும் ஸ்டுடியோ ஒலி பெரும்பாலும் மல்டிகாஸ்ட்டாக, அதாவது வேண்டியவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே முகவரிக்குத்தான் போகிறது. டான்டே என்ற இன்னொரு முறையிலும் மல்டிகாஸ்ட் உண்டு. கன்சோல் ஒரு முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. லைவ்வயரில் 1001ஆம் சேனல் என்றால் முகவரி 239.192.3.233. அந்த ஒலி வேண்டும் என்கிற நோடு, வேண்டும் என்று ஒரு தகவல் அனுப்பும். சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டு அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் என்பது இதுதான். ஆனால் அந்தக் குறிப்பு நிரந்தரம் கிடையாது. நெட்வொர்க்கில் யாராவது ஒருவர் 125 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் யாருக்கெல்லாம் வேண்டும்?" என்று கேட்க வேண்டும், எல்லா நோடும் பதில் சொல்ல வேண்டும். கேட்பவருக்குப் பெயர் க்வெரியர். இரண்டு சுற்று கேள்வி வராமல் போய், பதிலுக்கான 10 விநாடியும் கடந்தால், அதாவது 260 விநாடியில், சுவிட்ச் குறிப்பை அழித்துவிடும். எங்கள் பழைய சுவிட்ச்தான் க்வெரியராக இருந்தது. புதியதில் ஸ்னூப்பிங் ஆன், க்வெரியர் ஆஃப். கேபிளைக் கழற்றி மாட்டும்போது நோடு புதிதாகத் தகவல் அனுப்பியதால்தான் ஒவ்வொரு முறையும் பாட்டு வந்தது.

சரி, ஸ்னூப்பிங்கையே அணைத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள், சில இடங்களில் அப்படியே செய்தும் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு மில்லிவிநாடி பாக்கெட் என்ற கணக்கில் ஒரு ஸ்டீரியோ ஸ்ட்ரீமுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 3 மெகாபிட் ஆகும். நூறு ஸ்ட்ரீம் இருந்தால் 300 மெகாபிட், அது ஒவ்வொரு போர்ட்டுக்கும் பாயும். 100 மெகாபிட் போர்ட் வைத்த பழைய நோடுகள் திணறிவிடும். அலுவலக வைஃபையும் அதே நெட்வொர்க்கில் இருந்தால் அதுவும் படுத்துவிடும்.

க்வெரியரை மையச் சுவிட்சில் ஆன் செய்யுங்கள், இன்னொரு சுவிட்சில் மாற்றாக ஒன்று இருக்கட்டும். இரண்டு க்வெரியர் இருந்தால் சின்ன ஐ.பி. முகவரி உள்ளதுதான் வேலை செய்யும், அதனால் முகவரியை யோசித்துக் கொடுங்கள். முதலாவது செத்துவிட்டது என்று மாற்று க்வெரியர் முடிவு செய்ய 255 விநாடி ஆகும். குறிப்பு அழிய 260. நடுவில் ஐந்தே விநாடிதான். இதை நம்பி நான் ஒரு நிலையத்தை விடமாட்டேன். கேள்வி இடைவெளியைக் குறைத்தாலும் இந்த ஐந்து விநாடி கூடாது. எல்லாச் சுவிட்சிலும் இடைவெளிக்கு ஒரே எண்ணை வைக்கிறேன்.

அடுத்து கடிகாரம். ஏ.இ.எஸ். 67இல் எல்லாக் கருவிகளும் பி.டி.பி. என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. எது தலைமைக் கடிகாரம் என்று கருவிகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். முன்னுரிமை எண்ணில் சின்னது ஜெயிக்கும், அந்த எண் பொதுவாக 128 என்றே வரும். எல்லாவற்றிலும் 128 என்றே விட்டுவைத்தால், ஒரு நிகழ்ச்சிக்காக வாடகைக்கு வந்த மிக்ஸர்கூடத் தலைமை ஏற்கலாம், நிகழ்ச்சி முடிந்து அதைக் கழற்றும்போது நேரலையில் 'டிக் டிக்' என்று கேட்கும். உங்கள் தலைமைக் கடிகாரத்துக்குக் கையால் சின்ன எண் கொடுங்கள்.

டான்டேயையும் ஏ.இ.எஸ். 67ஐயும் ஒரே சுவிட்சில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எதை முதலில் அனுப்ப வேண்டும் என்று சுவிட்சுக்குச் சொல்ல ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு முன்னுரிமைக் குறி இருக்கும். ஏ.இ.எஸ். 67இல் கடிகாரப் பாக்கெட்டுக்கு அது 46, ஒலிக்கு 34. டான்டேயில் கடிகாரத்துக்கு 56, ஒலிக்கே 46. ஆக ஒன்றின் ஒலியும் மற்றதன் கடிகாரமும் ஒரே வரிசையில் போய் நிற்கும். சுவிட்சை அமைக்கும்போதே இதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மின்சேமிப்பு ஈதர்நெட் என்று ஒரு வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள், கடிகாரத்துக்கு அது ஆகாது.

2013இல் ஏ.இ.எஸ். 67 வந்தபோது எந்தக் கம்பெனி கன்சோலும் எதனோடும் பேசும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒலி பேசும், உண்மைதான். ஆனால் ஃபேடரைத் தூக்கினால் வாசலில் சிவப்பு விளக்கு எரிவது, பிளேயர் ஸ்டார்ட் ஆவது எல்லாம் அதில் வராது. வாங்குவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலி நின்றால் எச்சரிக்க வேண்டிய எங்கள் சைலன்ஸ் டிடெக்டர் அன்று ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு பார்த்தோம். அது கன்சோலின் வெளியீட்டில் மாட்டப்பட்டிருந்தது. அங்கே பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதை டிரான்ஸ்மிட்டர் பக்கம் மாற்றிவிட்டோம். ராக் அறை ஜன்னலோரம் செக்யூரிட்டி வைத்திருந்தது போலவே ஒரு சின்ன ரேடியோவும் வாங்கி வைத்திருக்கிறோம். சுவிட்சில் எதைத் தொட்டாலும் அதைப் போட்டுவிட்டு, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் கேட்ட பிறகுதான் ராக்கின் கதவைப் பூட்டுகிறோம்.