புது கேம்பர் வேனில் பழுதா? முதலில் என்னிடம் கொண்டு வராதீர்கள்

கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டி வண்டி எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவன் இப்படித் தலைப்பு வைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். வருகிற வேலையைத் திருப்பி அனுப்பினால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். ஆனால் ஐப்பசி பிறந்ததிலிருந்து பட்டறைக்கு வந்த கேம்பர் வேன்களை, அதாவது உள்ளேயே கட்டிலும் ஃப்ரிட்ஜும் குழாயும் வைத்துக் கட்டிய வீட்டு வண்டிகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லாமே வாரண்டியில் இருக்கிற வண்டிகள். எல்லாவற்றிலும் ஏற்கெனவே யாரோ கை வைத்திருக்கிறார்கள். கடைசியாக வந்தவர் கூரை முழுக்க சிலிக்கான் அப்பி, கட்டிலுக்கு மேலே இருந்த பேனலைக் கழற்றி, உள்ளே ஓடிய ஒயரில் பாதியைப் பிடுங்கிவிட்டு, "அண்ணே, இது அவங்க வேலையில இருக்கிற குறைன்னு நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா போதும், க்ளெய்ம் பண்ணிடுவேன்" என்கிறார். எதைப் பார்த்து எழுதித் தருவது?

எல்லாருக்கும் மனதில் ஒரே எண்ணம்தான்: "வாரண்டி இருக்கு, பார்த்துக்கலாம்." எந்த வாரண்டி? பணத்தை ஒரே இடத்தில் கட்டினோம், சாவியை ஒரே ஆள் கொடுத்தார், அதனால் வாரண்டியும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. கல்யாண மண்டபம் ஒருவருடையது, சமையல் ஒருவர், நாயனம் ஒருவர், பந்தல் ஒருவர். பாயசத்தில் உப்பு கரித்தால் மண்டபக்காரரிடம் போய் நிற்பீர்களா? என்ஜின், கியர், பிரேக், ஸ்டீயரிங், கம்பெனியிலிருந்தே வந்த ஒயரிங், இவையெல்லாம் சேசிஸ், அதாவது அடிப்படை வண்டியைத் தயாரித்த கம்பெனியின் பொறுப்பு. அதற்குத்தான் ஷோரூம். கூரையில் வெட்டிய ஓட்டை, கட்டில், அலமாரி, தண்ணீர் டேங்க், குழாய், வீட்டுப் பகுதிக்கு இழுத்த 12 வோல்ட் ஒயரிங், இவை பாடி கட்டியவரின் பொறுப்பு. அவர் கரூரில் இருப்பார், கோவையில் இருப்பார், பெங்களூரில் இருப்பார். அப்புறம் ஃப்ரிட்ஜ், லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், கூரை ஏசி, தண்ணீர் பம்ப். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்பெனி, தனித்தனி சீரியல் நம்பர், தனித்தனி வாரண்டி அட்டை.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பம்ப் ஓடவில்லை என்று சேசிஸ் ஷோரூமில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருக்கிற சர்வீஸ் அட்வைசர் பையன் என்ன செய்வான், பாவம். அவன் கம்ப்யூட்டரில் அந்த பம்ப்புக்குப் பார்ட் நம்பரே கிடையாது. இன்னொன்றும் கவனியுங்கள். ஃப்ரிட்ஜுக்கும் இன்வெர்ட்டருக்கும் வாரண்டி பெரும்பாலும் பில் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். பாடி கட்டியவர் வாங்கி ஷெட்டில் வைத்த நாள் அது. நீங்கள் மாலை போட்டு எலுமிச்சம்பழம் ஏற்றிய நாள் அல்ல. வண்டி கட்டி முடிக்க ஐந்தாறு மாதம் இழுத்தால், அந்த ஐந்தாறு மாதம் போனது போனதுதான். அதனால் ஒவ்வொரு சாமானின் பில் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு ஃப்ரிட்ஜ் கதை. கடலூர்க்காரர், குடும்பத்தோடு போய்வர ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. ராத்திரியில் ஃப்ரிட்ஜ் தானாக அணைந்துவிடும், காலையில் பால் கெட்டிருக்கும். ஃப்ரிட்ஜ் கம்பெனிக்குப் போன் செய்தார். ஆள் வந்து ஃப்ரிட்ஜைக் கழற்றி, தன் அடாப்டரில் போட்டு ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தான் ஓடுது சார்" என்று புகாரை மூடிவிட்டுப் போனார். பாடி கட்டியவரோ, ஃப்ரிட்ஜ் கம்பெனியைக் கேளுங்கள் என்றார். மாதக்கணக்கில் இப்படியே போனது. இரண்டு பேரும் ஏமாற்றுகிறார்கள் என்ற கோபத்தோடு என்னிடம் வந்தார்.

மீட்டரை பேட்டரி முனையில் வைத்தேன்: 13.1 வோல்ட். அதே மீட்டரை ஃப்ரிட்ஜ் சொருகும் இடத்தில் வைத்துக் கம்ப்ரசர் கிளம்பும் வரை காத்திருந்தேன். கிளம்பிய நொடியில் 10.9. நடுவிலே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. வோல்ட் குறைந்தால் பேட்டரி செத்துவிடக் கூடாது என்று ஃப்ரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் பார்த்தால், எல்.இ.டி. விளக்குக்கு இழுத்த மெல்லிய ஒயரிலிருந்தே ஃப்ரிட்ஜுக்கும் கிளை எடுத்திருந்தார்கள். பஸ் பாடி கட்டிப் பழகிய கைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். பஸ் 24 வோல்ட். இந்த வேன்கள் 12 வோல்ட். வோல்ட் பாதியானால் அதே வாட்டுக்கு ஆம்பியர் இரண்டு மடங்கு, ஒயரும் அதற்கேற்றபடி தடிமனாக வேண்டும். சரி, அது தொழில்காரர்கள் விஷயம். இங்கே ஃப்ரிட்ஜ் கம்பெனிக்காரர் சொன்னதும் உண்மை, வண்டிக்காரர் சொன்னதும் உண்மை. பொறுப்பு பாடி கட்டியவருடையது. ஆனால் அதற்குள் அவருடைய வாரண்டிக் காலம் முடிந்துவிட்டது. வண்டிக்காரர் கையில் இருந்ததெல்லாம் போன் கால்கள் மட்டுமே. ஒரு வரி எழுத்தில் கிடையாது.

அடுத்து மழை. நம் ஊரில் கேம்பர் வேன் பெரும்பாலும் கோடை விடுமுறையைக் கணக்கு வைத்துத்தான் டெலிவரி எடுக்கிறார்கள். சித்திரையில் எடுத்த வண்டிக்கு வடகிழக்குப் பருவமழை வருகிற வரை உண்மையான மழை எது? பாடி வேலைக்குச் சிலர் ஒரு வருடம் எழுதித் தருகிறார்கள், சிலர் ஆறே மாதம். ஆறு மாதம் என்றால் கூரை ஒழுகும் நேரத்தில் சரியாக வாரண்டி முடியும். ஆகவே மழைக்குக் காத்திருக்காதீர்கள். வண்டி வந்த முதல் மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் குழாயை எடுத்து வண்டிக்குத் தண்ணீர் அடியுங்கள். முதலில் ஜன்னல் ஓரம், பிறகு பக்கவாட்டு இணைப்பு, கடைசியாகக் கூரை. கீழிருந்து மேலே போக வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும். மொத்தமாகக் கூரையில் கொட்டினால் எங்கே நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது.

சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடம் அல்ல, இதை மட்டும் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏசிக்காக வெட்டிய ஓட்டையிலோ, சோலார் தகடு பிடித்த ஸ்க்ரூ ஓட்டையிலோ நுழைந்த தண்ணீர், கூரைச் சட்டத்தின் வழியாக ஓடி, நான்கு அடி தள்ளி உங்கள் தலையணையில் விழும். நீங்கள் தலையணைக்கு நேர் மேலே ஹார்டுவேர் கடை சிலிக்கானை ஒரு ட்யூப் காலி செய்துவிட்டு வருகிறீர்கள். ஒழுகல் நிற்காது. அது போகட்டும். பிறகு பாடி கட்டியவர் உண்மையாகவே வந்து சரி செய்ய நினைத்தாலும், சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு சீலன்ட் ஒட்டாது, பெயின்ட் பிடிக்காது. மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். "வெளியாள் கை வெச்சிட்டாங்க சார்" என்று அவர் கையை விரிக்க நீங்களே ட்யூப் வாங்கிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். கூரை ஏசியின் அடியில் இருக்கும் ஃபோம் கேஸ்கெட் சில வாரம் ஓடியதும் அமுங்கி, போல்ட் தளர்ந்து, அதனாலேயே ஒழுகுவது உண்டு. அவர்கள் ஆள் வந்து ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினால் தீர்கிற வேலை. அதற்காகக் கூரையைச் சிலிக்கானில் குளிப்பாட்டுகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது தெருவில் நின்ற வண்டிகளுக்குள் கீழிருந்து தண்ணீர் ஏறியது. அதையும் "ஒழுகல்" என்று வாரண்டியில் கேட்டவர்கள் உண்டு. வெள்ளம் இன்ஷூரன்ஸ் சமாச்சாரம். அதற்கும் கட்டிலும் பேட்டரியும் பாலிசியில் காட்டப்பட்டிருக்க வேண்டும், ஆர்.சி.யில் வண்டி கேம்பர் வேன் என்றே இருக்க வேண்டும்.

சரி, பழுது கண்ணில் பட்டதும் என்ன செய்வது? முதலில் போட்டோ, வீடியோ. எதையும் கழற்றாமல் எடுங்கள். ஓடோமீட்டர் தெரிய ஒரு படம். பிறகு மின்னஞ்சல் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதையே மின்னஞ்சலிலும் போடுங்கள். பாடி கட்டியவர், சாமான் கம்பெனி இருவருக்கும் ஒரே கடிதமாகப் போகட்டும், அப்போதுதான் ஒருவரை ஒருவர் கை காட்டுவது எழுத்தில் பதிவாகும். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். "பம்ப் மோசம்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது, ராத்திரி அவ்வப்போது பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கிறது" என்று எழுதினால், விவரம் தெரிந்தவருக்கு எங்கேயோ கசிகிறது அல்லது பம்ப்பின் வால்வு பிடிக்கவில்லை என்று உட்கார்ந்த இடத்திலேயே புரியும். ஷோரூமுக்குப் போனால் ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன வார்த்தை ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருந்தால் போடாதீர்கள்.

பெங்களூருக்கு 300 கிலோமீட்டர் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பது நியாயம்தான். அப்போது பாடி கட்டியவரிடமே கேளுங்கள்: "பக்கத்தில் ஒருவரிடம் பார்த்துக்கொள்ளட்டுமா, செலவு யாருடையது?" பதில் எழுத்தில் வந்த பிறகு என்னிடமோ வேறு யாரிடமோ போங்கள். நிறையப் பேர் சம்மதிக்கிறார்கள், அவர்களுக்கும் அதுதான் லாபம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு வையுங்கள். பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு வந்து ஆதாரம் கேட்டால் நான் எங்கே போவேன்?

எழுத்துக்கும் அனுமதிக்கும் காத்திருக்கக்கூடாத இடம் உண்டு. கேஸ் வாடை வந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவைத் திறங்கள், எல்லாரும் இறங்குங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். அவசர எண் 1906. ஒயர் கருகும் வாடை என்றால் பேட்டரி இணைப்பை மொத்தமாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டர் ஸ்விட்சை அணையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வண்டி வாங்கிய அன்றே வீட்டில் எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். ஆபத்தை நிறுத்தியதற்காக வாரண்டியை ரத்து செய்தேன் என்று யாராவது சொன்னால் என்னிடம் வாருங்கள், அதற்கு லெட்டர் தருகிறேன்.

உங்கள் பக்கத் தப்பும் இருக்கிறது, கோபிக்காதீர்கள். பீச் ரோட்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியில் தூங்குகிறீர்கள். இப்போதைய புகை விதிப்படி வரும் பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கிறது. நல்ல சூட்டில் வேகமாக ஓடினால்தான் அந்தக் கரி எரியும். நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஐடில் ஓடினால் அடைத்துக்கொள்ளும். என்ஜின் எத்தனை மணி நேரம் ஐடிலில் நின்றது என்பது கம்பெனியின் ஸ்கேனரில் தெரிய வாய்ப்புண்டு. அப்போது "ஓட்டிய முறை சரியில்லை" என்று எழுதிவிடுவார்கள், வாதாட முடியாது.

எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலோ புதுச்சேரியிலோ, ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அந்தப் பழைய பாகப் பை அங்கேதான் உதவும். சுற்றுலா வாடகைக்கு விடத்தான் வாங்கினீர்கள் என்றால் மட்டும், வழக்கு போடும் முன் வக்கீலைப் பாருங்கள். வியாபாரத்துக்கு வாங்கியவரை நுகர்வோராகச் சட்டம் ஏற்பதில்லை. சொந்தப் பிழைப்புக்கு வாங்கி நீங்களே நடத்தினால் அதற்கு விலக்கு உண்டு.

இன்னும் வண்டி எடுக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், அந்தப் பாடி ஷெட்டிலேயே குடும்பத்தோடு ஒரு ராத்திரி வண்டியில் தங்குங்கள். ஏசி ஓடட்டும், ஃப்ரிட்ஜில் சாமான் வையுங்கள், எல்லாரும் குளியுங்கள், அழுக்குத் தண்ணீர் டேங்க் நிறையட்டும். காலையில் வருகிற பழுதுப் பட்டியலை அவர்கள் ஆட்களே அன்றைக்கே சரி செய்வார்கள். கிளம்பும்போது ஒயரிங் வரைபடத்தையும் குழாய் வரைபடத்தையும் கேளுங்கள். "அதெல்லாம் எங்க ஆளுக்கு மனப்பாடம் சார்" என்றால், வரைந்து தரும் வரை கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருங்கள்.