ஒரு பேட்டரி, இரண்டு புல்வெட்டும் வண்டி

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம், கடல் காற்று நேராக அடிக்கும் இடத்தில் ஒரு திடல். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி அங்கே இரண்டு, பேட்டரி ஒன்றுதான். பெரிய வண்டியில் திடலை வெட்டி முடித்ததும், பேட்டரியைக் கழற்றி, மரத்தடி ஓரங்களுக்கான சின்ன வண்டியில் மாட்டுகிறார்கள். முதலில் எனக்குக் கஞ்சத்தனமாகத்தான் பட்டது. கணக்குப் போட்டேன், சரியாகத்தான் செய்கிறார்கள்.

பெட்ரோல் என்ஜினுக்குப் பேட்டரி முக்கியமாகத் தேவைப்படுவது கிளம்பும்போது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பயமுறுத்தும் எண். ஆனால் 3 நொடிதானே? 450 ஆம்பியர்-நொடி, அதாவது 0.125 ஆம்பியர்-மணி. 28 ஆம்பியர்-மணி கொள்ளும் பேட்டரியில் இது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் உள்ள காந்தங்கள் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, கடந்து சுற்றி, தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தாங்களே தந்துவிடும். இன்னொரு காயில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். 3 ஆம்பியர் ஏறினால், செலவானது இரண்டரை நிமிடத்தில் திரும்பும். விரயத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் பேட்டரி ஏன் சாகிறது? பெரும்பாலும் சும்மா கிடந்துதான். ஈய-அமில பேட்டரி தொடாமல் வைத்தாலும் தானாக இறங்கும், வெக்கையில் இன்னும் வேகமாக. இறங்க இறங்கத் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் பழையபடி மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப் பெரிய படிகங்களாகிவிடும், அப்புறம் எளிதில் அசையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் சேறாகி வண்டிகள் கொட்டகையில் நிற்கும்போது நடப்பது இதுதான். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்கு வந்தாலே சார்ஜரில் போடுவது நல்லது. இரண்டு பேட்டரி வைத்திருந்தால் இந்தக் காவல் வேலையும் இரண்டு.

ஆனால் வண்டி ஓடும்போதே பேட்டரியை உருவக்கூடாது. சார்ஜ் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறி, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கருகலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். வண்டியின் உடம்பு நெகட்டிவோடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கையில் பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

உப்புக் காற்றில், பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினல் வேறு களிம்பு பூத்துவிடும். 150 ஆம்பியர் ஓடவேண்டிய இடத்தில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் அங்கேயே போச்சு. செல்ஃப் 'டிக்' என்பதோடு நின்றுவிடும். நல்ல பேட்டரியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கியவன் நானும்தான். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்து, துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவியிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.