கிராபோவியுஸ்: மூன்று தெய்வங்களின் பட்டப்பெயர்

உம்பிரியம் பழங்கால இத்தாலியில் பேசப்பட்ட, லத்தீனுக்கு உறவான மொழி. அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஏழு வெண்கலத் தகடுகளிலிருந்து வந்தது. இத்தாலியின் குப்பியோ நகரம் 1456-இல் அவற்றை விலைக்கு வாங்கியது. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஊரைத் தூய்மைப்படுத்தும் சடங்கை அவை விவரிக்கின்றன. கோட்டைக்கு மூன்று வாயில்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று எருதுகளைப் பலியிட வேண்டும், முறையே யூப்பிட்டருக்கு, மார்ஸுக்கு, வோஃபியோனுஸ் என்ற தெய்வத்துக்கு. மூவருக்கும் ஒரே பட்டம்: கிராபோவியுஸ். வாயிலுக்குப் பின்னால் பன்றியும் ஆடும் பெறும் தெய்வங்களுக்கு அந்தப் பட்டம் கிடையாது.

ஆக, உயர்ந்த தெய்வங்களுக்குரிய சொல். சரி, அதன் பொருள்?

ஒலியில் சிக்கல் இல்லை. இதே சடங்கு முதல் தகட்டில் உம்பிரிய எழுத்தில் சுருக்கமாகவும், ஆறு, ஏழாம் தகடுகளில் லத்தீன் எழுத்தில் விரிவாகவும் இருக்கிறது. நம் ககரம் ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் வருவதுபோல, உம்பிரிய எழுத்திலும் இரு ஒலிக்கும் ஒரே குறிதான். லத்தீன் வடிவம் வந்ததும் முதல் ஒலி ‘தங்கம்’ என்பதன் ககரம் என்று உறுதியானது.

பொருளுக்கு உறவு மொழிகளைத் தேட வேண்டும். வோஃபியோனுஸ் விஷயத்தில் அது அழகாகப் பலித்தது. லத்தீனில் சொல்லின் முதலில் ல் வரும் இடத்தில் உம்பிரியத்தில் வ் வருகிறது. தோப்பு அங்கே ‘லூகுஸ்’, இங்கே ‘வுகு’. அதுபோல, அங்கே நடுவில் ப் வரும் இடத்தில் இங்கே ஃப் வருகிறது. சிவப்பு அங்கே ‘ரூபெர்’, இங்கே ‘ரோஃபு’. இந்த இரண்டு விதிகளையும் பின்னோக்கி ஓட்டினால் ‘மக்கள்’ என்று பொருள்படும் ஒரு பழைய வேர் கிடைக்கிறது. ஜெர்மனின் ‘லொய்ட்ட’ அதே வேர்தான். மக்களின் தெய்வம்!

கிராபோவியுஸுக்கு லத்தீனில் துணை இல்லை. கிரேக்கத்தில் ‘கிராபியோன்’ என்றால் தீப்பந்தம். ரஷ்ய மொழியில் ‘கிராப்’ ஒரு மரம். ஓக் மரம் யூப்பிட்டருக்கு உரியது என்பதால், மொழியியலாளர் பவுல் கிரெட்ச்மர் இவற்றை இணைத்து ‘ஓக் மரத் தெய்வம்’ என்றார். யூப்பிட்டருக்கு நன்றாகவே பொருந்துகிறது. மார்ஸுக்கும் வோஃபியோனுஸுக்கும் ஏன் ஓக்? அதோடு, இது வேறு மொழியிலிருந்து கடன் வாங்கிய சொல் என்றால் ஒலிவிதிகளை வைத்துச் சரிபார்க்கவே முடியாது. உம்பிரியரின் அண்டை மக்களான எட்ரஸ்கரின் மொழியிலும் தேடினார்கள். ஸாக்ரெபிலுள்ள மம்மியைச் சுற்றியிருந்த, எட்ரஸ்க மொழியில் எழுதிய துணியில் ‘க்ரப்ஸ்தி’ என்றொரு சொல் உண்டு. ஆனால் அதன் பொருளும் உறுதியில்லை. தெரியாத ஒன்றை இன்னொரு தெரியாததால் விளக்குவதைவிட, ஓக் விளக்கமே எனக்குக் கொஞ்சம் மேலாகத் தெரிகிறது, யூப்பிட்டரின் பட்டம் பிறகு மற்ற இருவருக்கும் பரவியது என்று எடுத்துக்கொண்டால்.